மகளின் எழுத்துப்பிழைக்கு விதி தேடிய 14 வாரங்கள்

நேற்றுக் காலை மகள் தன் குறிப்பேட்டில் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தாள். "செடியின் வளர்ச்சிக்காக நாங்கள் எடுத்த முயற்சி" என்று ஒரு வரி. 'வளர்ச்சி'யைத் தடையில்லாமல் எழுதியவள், 'முய' வரை வந்ததும் பென்சிலை நிறுத்தினாள். உதடு அசைந்தது. "முயல்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு 'ற்' போட்டாள், அதை ஒட்டியே 'சி' போட்டாள், அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நொடி நிறுத்தத்துக்காகத்தான் 14 வாரம் உழைத்தோம். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். பிள்ளைக்கு வீட்டிலேயே தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள், எழுத்துப்பிழை திருத்த எந்தப் பயிற்சியை எடுப்பது என்று தடுமாறுபவர்கள், நான் போன தவறான வழிகளையாவது தவிர்த்துக்கொள்ளலாம்.

அவளுக்கு வயது 9. நன்றாக வாசிப்பாள். கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. எழுத உட்கார்ந்தால் மட்டும் 'நன்பன்', 'பல்லிக்கூடம்', 'ஒன்ரு', 'முயற்ச்சி'. நிறைய வாசித்தால் தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு ஆண்டு காத்திருந்தேன். சரியாகவில்லை. வேகமாக வாசிக்கிற கண் சொல்லை மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உள்ளே இருப்பது எந்த 'ன' என்று நின்று பார்ப்பதில்லை.

முதல் வாரம்: எண்ணிப் பார்த்தேன்

எந்தப் புத்தகத்தையும் வாங்குவதற்கு முன்னால் அவளுடைய பிழைகளை எண்ண வேண்டும் என்று தோன்றியது. இந்த ஒரு முடிவு மட்டும் தொடக்கத்திலேயே சரியாக அமைந்தது. அவள் ஏற்கெனவே எழுதிய கதைகளிலிருந்து 60 சொற்களைப் பொறுக்கினேன். நாளுக்கு 20 வீதம் மூன்று நாள் சொல்வதெழுதுதல் வைத்தேன். அழிப்பானை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். தவறு என்று தோன்றினால் சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். அழித்துவிட்டால் அவள் முதலில் என்ன நினைத்தாள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விடும். 'பள்ளி' என்று எழுதி, அடித்து, 'பல்லி' என்று மாற்றியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

மொத்தம் 27 பிழைகள். ந, ண, ன மூன்றுக்கும் இடையே 9. ல, ழ, ள குழப்பம் 8. ர, ற குழப்பம் 5. தேவையில்லாத புள்ளி எழுத்து 3. 'முயற்ச்சி', 'அதற்க்கு', 'கேட்க்க' என்பவை அவை. குறில், நெடில் மாற்றம் 2. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு இதை எழுதி வைத்தேன். அடுத்த 13 வாரமும் இந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

தேர்வு செய்த விதம்

என் முன் மூன்று வழிகள் இருந்தன. வாரத்துக்கு 10 சொல் கொடுத்து எழுதி எழுதிப் பழக வைக்கும் பயிற்சிப் புத்தகம். இரண்டு சொல்லைக் காட்டிச் சரியானதைத் தொடச் சொல்லும் கைப்பேசிச் செயலி. பிறகு, வீட்டில் ஏற்கெனவே இருந்த ஓர் இலக்கண நூல்.

எளிதாகத் தெரிந்ததால் பயிற்சிப் புத்தகத்தை எடுத்தேன். இரண்டு வாரம் ஓடியது. ஒவ்வொரு சொல்லையும் ஐந்து முறை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை 10க்கு 10 வாங்கினாள். திங்கட்கிழமை கதை எழுதும்போது அதே சொல் பழைய பிழையோடு வந்து நின்றது. ஐந்து முறை எழுதும்போது அவள் என்ன செய்கிறாள் என்று கவனித்தேன். முதலில் முதல் எழுத்தை ஐந்து வரியிலும் எழுதிவிடுகிறாள். பிறகு இரண்டாம் எழுத்தை ஐந்து வரியிலும். சொல்லாக அது ஒருமுறைகூட அவள் மனத்துக்குள் போகவில்லை. புத்தகத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'கன்று' சரியாகத் தெரிந்தால் 'நன்று', 'இன்று', 'ஒன்று' எல்லாமே தெரிந்துவிட வேண்டும். பட்டியல் முறையில் நான்கையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குச் சரிப்படவில்லை.

செயலியை நாலே நாளில் நிறுத்தினேன். இரண்டில் ஒன்றைத் தொடுவது என்றால் பெரும்பாலும் சரியாகத் தொட்டுவிடுகிறாள். ஆனால் எழுதும்போது பக்கத்தில் யாரும் இரண்டு சொல்லை வைத்துக் காட்டப்போவதில்லை. அதைவிடக் கெடுதல், 'ஒன்ரு' போன்ற பிழை வடிவங்களைப் பளிச்சென்ற எழுத்தில் அவள் கண்ணில் பதிய வைத்தது.

அப்போதுதான் தேர்வு செய்ய ஒரு வழி தோன்றியது. கடைசிப் பக்கத்தின் 27 பிழைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, "இந்தப் பிழையைத் தடுக்கிற விதி இந்தப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். பயிற்சிப் புத்தகத்தில் விதியே இல்லை; 27இல் 6 சொற்கள் எங்கோ பட்டியலில் இருந்தன, அவ்வளவுதான். செயலியில் அதுவும் இல்லை. இலக்கண நூலில் 17க்கு விதி கிடைத்தது. ஆனால் எல்லாம் சிதறிக் கிடந்தன: சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் ஓர் இயலில், எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்கிற மெய்ம்மயக்கம் வேறோர் இடத்தில், சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவதைச் சொல்லும் புணர்ச்சி இன்னும் 40 பக்கம் தள்ளி. 9 வயதுப் பிள்ளையிடம் அப்படியே கொடுக்க முடியாது. விதிகளை அங்கிருந்து எடுத்து, அவள் செய்யும் பிழைகளின் வரிசையில் நானே அடுக்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். விதி அகப்படாத 10 பிழைகளை என்ன செய்வது என்று அப்போது யோசிக்கவில்லை. அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தேன்.

நாக்கைத் திருத்தப் போய் இழந்த வாரம்

விதி அட்டைகள் செய்வதற்கு முன்னால், நான்காம் வாரத்தில், உச்சரிப்பைத் திருத்தினால் எழுத்து தானே வரும் என்று நம்பினேன். கண்ணாடி முன் நிற்க வைத்து நாக்கை மடிக்கச் சொன்னேன். ல, ள, ழ மூன்றையும் அழகாகச் சொன்னாள். சொல்வதெழுதுதலில் பிழை பாதியாகக் குறைந்தது. எனக்கோ பெரிய மகிழ்ச்சி.

சனிக்கிழமை அவளுடைய பாட்டி அதே சொற்களைச் சொன்னார். பிழைகள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. பாட்டி இயல்பாகப் பேசுகிறார். நான் ஒவ்வொரு 'ள'வையும் 'ண'வையும் அழுத்தி உச்சரித்து, விடையை என் நாக்கிலேயே வைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். தவிர, ந, ன இரண்டுக்கும் இன்று பெரும்பாலோர் பேச்சில் ஒலி வேறுபாடு காதில் விழுவதே இல்லை. காது கொடுக்காததைக் காதிடம் கேட்டுப் பயனில்லை. அந்த வாரத்திலிருந்து சொற்களை மூவர் குரலில் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். பாட்டி, அவளுடைய அப்பா, நான். நானும் சாதாரணமாகப் பேசுவது போலவே சொன்னேன். 20 சொல் கொண்ட ஒரு பதிவு நான்கு நிமிடம் வந்தது.

அட்டைகள்

கெட்டி அட்டைத் தாள் மூன்று எடுத்தேன். 70 செ.மீ.க்கு 56 செ.மீ. தாளில், 10 செ.மீ.க்கு 7 செ.மீ. அளவில் வெட்டினால் வீணாகாமல் 56 அட்டை கிடைக்கும். வெள்ளை, மஞ்சள், நீலம். வெள்ளை விதிக்கு, மஞ்சள் நினைவில் வைக்க வேண்டிய சொல்லுக்கு, நீலம் வேற்று மொழியிலிருந்து வந்த சொல்லுக்கு. முதலில் 5 செ.மீ. அட்டைகள்தான் வெட்டினேன். அவளுடைய எழுத்து அதில் அடங்காமல் விளிம்பில் நசுங்கியது. 40 அட்டை வீண். பழைய காலணிப் பெட்டி ஒன்றை மூன்று அறையாகத் தடுத்தேன். தினமும் பார்க்க வேண்டியவை முதல் அறையில். மூன்று நாள் தொடர்ந்து சரியாகச் சொன்னால் இரண்டாம் அறைக்குப் போகும்; அது வாரம் ஒருமுறை. அங்கேயும் தேறினால் மாதம் ஒருமுறை பார்க்கும் மூன்றாம் அறை. தவறினால் மறுபடி முதல் அறை. நாளுக்கு 20 நிமிடம், அலாரம் வைத்து. அலாரம் அடித்ததும் பாதிச் சொல்லில் இருந்தாலும் நிறுத்திவிடுவோம். இதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அதனால்தான் மறுநாள் மறுக்காமல் வந்து உட்கார்ந்தாள் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு விதி அட்டையிலும் ஒரு கேள்வி மட்டும். விதியை வாக்கியமாக எழுதியிருந்த முதல் ஏழு அட்டைகளை ஒப்பித்துவிட்டு, எழுதும்போது மறந்துவிட்டாள். "ந சொல்லின் முதலில் வரும், ண, ன வாரா" என்பதை "இது சொல்லின் முதல் எழுத்தா?" என்று மாற்றினேன். பென்சில் கையில் இருக்கும்போது கேட்டுக்கொள்ள முடிகிற கேள்விதான் அவளுக்கு உதவியது.

ஐந்தாம், ஆறாம் வாரம்: சுழியை விட்டோம்

என் வீட்டில் 'ண'வுக்குப் பெயர் மூன்று சுழி, 'ன'வுக்கு இரண்டு சுழி. நானும் அப்படித்தான் கற்றேன். "அம்மா, இங்கே இரண்டு சுழியா, மூன்று சுழியா?" என்று ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்பாள். அந்தப் பெயர் எழுத்தின் வடிவத்தைச் சொல்கிறது. அது எங்கே வரும் என்பதைச் சொல்வதில்லை. பழைய பெயர்கள் இருக்கின்றன: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். சின்ன வயதில் இவற்றைக் கேட்டிருக்கிறேன், வெறும் அலங்காரம் என்று விட்டுவிட்டேன். விதியே அந்தப் பெயருக்குள் இருக்கிறது! 'த'வோடு சேர்வது தந்நகரம்: பந்து, சந்தை, வந்தான். 'ட'வோடு சேர்வது டண்ணகரம்: வண்டி, நண்டு, கண்டான். 'ற'வோடு சேர்வது றன்னகரம்: கன்று, மூன்று, சென்றான். அடுத்த எழுத்தைப் பார்த்தால் போதும்.

இதைச் சொன்ன அன்றைக்குச் சுழி என்ற சொல்லை வீட்டில் நிறுத்தினோம். அப்பாவும் பாட்டியும்கூட. மூன்றாம் நாள் 'ஒன்ரு' மறைந்தது. 'ன்'னுக்கு அடுத்து ற, ர இரண்டில் ஒன்று வந்தால் அது 'ற'தான், 'ர' வர வழியே இல்லை என்பதும் அதே அட்டையிலிருந்து அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அங்கே ஒரு பிழையும் செய்தேன், அதை மறைக்க மாட்டேன். 'ந' சொல்லின் முதலில் வரும், இல்லாவிட்டால் 'த'வுக்கு முன்னால் வரும், வேறெங்கும் வராது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவள் 300 என்பதை 'முன்னூறு' என்று எழுதினாள். நானும் சரி என்று குறி போட்டேன். இரண்டு நாள் கழித்து அகராதியில் வேறெதையோ தேடும்போதுதான் கண்ணில் பட்டது: மூன்று நூறு முந்நூறு. ஐந்து நூறும் ஐந்நூறு. நூறு என்ற சொல் 'ந'வில் தொடங்குகிறது. இன்னொரு சொல்லோடு சேர்ந்தாலும் அந்தத் தொடக்கம் போகவில்லை. அந்நாள், இந்நூல், எந்நேரமும், செந்நிறம் எல்லாம் இப்படித்தான். அவளிடம் போய், "நான் போட்ட குறி தவறு, அட்டையும் தவறு" என்று சொல்லி, அவள் கையாலேயே அட்டையைத் திருத்தச் சொன்னேன். "உள்ளே ஒரு சொல் தொடங்குகிறதா?" என்று இரண்டாம் கேள்வியைச் சேர்த்தாள். அந்த அட்டை மட்டும் அவளுக்கு மறப்பதே இல்லை.

ஏழாம், எட்டாம் வாரம்: பக்கத்துப் புள்ளி

'முயற்ச்சி'க்கு விதி எளிது. ட், ற் இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து வராது. கேட்க, நட்பு, காட்சி, கற்க, அதற்கு. இரண்டு புள்ளி அடுத்தடுத்து நிற்க வேண்டுமானால் முன்னால் இருப்பது ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: வாய்ப்பு, பார்க்க, வாழ்த்து. தமிழ்ச் சொற்களில் நாங்கள் தேடியவரை இதற்கு விலக்கு அகப்படவில்லை. கதைப் புத்தகத்தில் இரண்டு புள்ளி அடுத்தடுத்து வரும் சொற்களை எல்லாம் தேடி வட்டமிடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் 31 சொல். எல்லாவற்றிலும் ய், ர், ழ். அவளே எண்ணிப் பார்த்ததால் நம்பினாள்.

மறுநாள் எழுதிக் காட்டினாள்: 'முயர்ச்சி'. விதிப்படி ஒரு குறையும் இல்லை. 'ற்' பக்கத்தில் புள்ளி வராது என்றால், 'ற்'ஐ எடுத்துவிட்டு 'ர்' போட்டால் தீர்ந்தது! நான் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிழையைத் தடுக்கிற விதி, சரியான எழுத்து எது என்பதைச் சொல்லிவிடுவதில்லை. வளர்ச்சிக்கு 'ர்' என்றும் முயற்சிக்கு 'ற்' என்றும் எப்படி அறிவது?

இலக்கண நூலின் புணர்ச்சிப் பக்கங்களுக்குத் திரும்பினேன். விடை வேர்ச்சொல்லில் இருந்தது. வளர், வளர்ச்சி. உணர், உணர்ச்சி. மகிழ், மகிழ்ச்சி. ர், ழ் மாறாமல் நிற்கின்றன, இன்னொரு புள்ளியை ஏற்கின்றன. பயில், பயிற்சி. சுழல், சுழற்சி. இங்கே ல் மாறி ற் ஆகிறது. ஆள், ஆட்சி. வறள், வறட்சி. காண், காட்சி. இங்கே ள், ண் மாறி ட் ஆகின்றன. முயற்சி எதிலிருந்து வந்தது என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். "முயல்" என்றேன். "காட்டில் ஓடுமே, அந்த முயலா?" என்றாள். இது வேறு முயல், விடாமல் செய்து பார்ப்பது என்று விளக்கினேன். அவள் அட்டையை எடுத்து, 'முயற்சி' என்று எழுதி, மேலே நீளக் காதோடு ஒரு முயல் வரைந்தாள். காதுகள் இரண்டும் 'ற்' மேல் இருக்கும் புள்ளியின் இரு பக்கமும் நிற்கும்படி. நேற்று அவள் உதட்டில் வந்தது அந்த முயல்தான்.

ஒன்பதாம், பத்தாம் வாரம்: இரண்டு குடும்பங்கள்

இந்த வேர்ச்சொல் வேலையிலிருந்துதான் ல, ள பிழைக்கும் வழி திறந்தது. அட்டையில் இரண்டு குடும்பம் எழுதினோம். ல, ன, ற ஒரு குடும்பம். ள, ண, ட இன்னொரு குடும்பம். சொல் உருமாறும்போது தன் குடும்பத்துக்குள்தான் மாறும். எனவே, எந்த எழுத்து என்று ஐயம் வந்தால் சொல்லை நேற்றைக்குத் தள்ள வேண்டும். செல், சென்றான், நில், நின்றான், வில், விற்றான். எல்லாம் ற, ஆகவே ல். கேள், கேட்டான், கொள், கொண்டான், உருள், உருண்டது. எல்லாம் ட, ஆகவே ள். கொல்வதா கொள்வதா என்ற குழப்பம் கொன்றான், கொண்டான் என்றதும் தீர்ந்தது. பம்பரத்தை வைத்து சுழல், சுழற்று. பந்தை வைத்து உருள், உருட்டு என்று தரையில் உட்கார்ந்து ஒரு மாலை முழுவதும் விளையாடினோம். நன்பனும் இங்கேதான் திருந்தினான்: நட்பில் ட இருக்கிறது, ஆகவே நண்பனில் ண.

பெயர்ச்சொல்லுக்குப் பன்மையைச் சொல்லிப் பார்க்கலாம்: பல், பற்கள், சொல், சொற்கள், முள், முட்கள். இதை அளவு சொல்லாமல் கொடுத்துவிட்டேன். 'காற்கள்' என்று எழுதினாள், 'வாற்கள்' என்றும் எழுதினாள். நெடிலுக்குப் பின் 'ல்' வரும் கால், வால் போன்றவை இன்றைய வழக்கில் கால்கள், வால்கள் என்றே நிற்கின்றன. "பல், கல், சொல், முள் போன்ற குட்டிச் சொல்லுக்கு மட்டும்" என்று அட்டையின் ஓரத்தில் எழுதினோம்.

'ழ்'க்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்தது. தனிக் குறிலை அடுத்து ர், ழ் வராது. தொல்காப்பியமே இதைச் சொல்கிறது. ஆகவே கல், கள் உண்டு, 'கழ்' கிடையாது. தமிழ், புகழ் என்று இரண்டு எழுத்து முன்னால் இருக்க வேண்டும், அல்லது வாழ், தாழ் என்று நெடில் இருக்க வேண்டும். ர், ழ் இரட்டிப்பதும் இல்லை. தனிக் குறிலை அடுத்து 'ர்' வராததால் 'நிற்க', 'விற்க' என்பவற்றை 'நிர்க', 'விர்க' என்று எழுதவே முடியாது. இரண்டு நாளில் சர்க்கஸ் என்ற சொல்லைக் கொண்டுவந்து நீட்டினாள். குறிலை அடுத்து 'ர்', கூடவே இரண்டு புள்ளி. தர்மம், நிர்வாகம் போன்றவற்றையும் சேர்த்து நீல அட்டைகளில் எழுதினோம். அவை வெளியிலிருந்து வந்தவை, நம் வீட்டுச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று சொன்னதும் ஏற்றுக்கொண்டாள். நீல அட்டை சேர்ப்பது அவளுக்கு வேட்டை மாதிரி ஆகிவிட்டது.

பதினொன்றாம் வாரம் தோல்வி

இரண்டு சொற்களுக்கு நடுவே ஒற்று மிகும் இடங்களைத் தொடங்கினேன். அவளுடைய 27 பிழைகளில் ஒற்றுப்பிழை இல்லை, ஏனென்றால் நான் தனிச் சொற்களைத்தான் சொல்லியிருந்தேன். கதைகளில் அது நிறைய இருந்தது. என் கை பரபரத்தது. ஒரே வாரத்தில் ஒன்பது விதி. வாரக் கடைசியில் 'அதுப் பெரியது', 'வந்தப் பையன்' என்று எல்லா இடத்திலும் ஒற்றுப் போட ஆரம்பித்தாள். முன்பு விட்டுவிட்டு எழுதியவள், இப்போது பயந்து பயந்து எழுதினாள். ஆறு அட்டைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மூன்றை மட்டும் விட்டேன்: அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின், 'ஐ' உருபின் பின், 'கு' உருபின் பின். அந்தக் குருவி, பந்தைத் தூக்கினாள், வீட்டுக்குப் போனேன். மீதியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். எழுதும் ஆசையைவிட ஒற்று பெரிதில்லை.

விதி இல்லாதவை

மழை, மலை. மணம், மனம். அறை, அரை. இங்கே எந்தக் கேள்வியும் உதவாது. தேர்வு செய்தபோது நான் யோசிக்காமல் விட்ட 10 பிழைகளில் பெரும்பாலானவை இவைதாம். பன்னிரண்டாம் வாரத்தில் இவற்றைச் சோடி சோடியாக எடுத்தேன், பனி என்றால் குளிர், பணி என்றால் வேலை என்று. அதுவரை 'பனி'யைச் சரியாக எழுதிக்கொண்டிருந்தவள் அதையும் தவறாக எழுதத் தொடங்கினாள். இரண்டும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் மனத்துக்குள் போனதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சோடிகளைப் பிரித்தேன். ஒன்று நன்றாக ஊன்றும்வரை மற்றதன் அட்டையை எடுப்பதே இல்லை.

தனிச் சொல்லாக இல்லாமல் உறவுகளோடு எழுதியது இன்னும் உதவியது. ஒரு மஞ்சள் அட்டையில் எழுது, எழுத்து, எழுத்தாளர். இன்னொன்றில் உழு, உழவு, உழவர். வழி, வழிகாட்டி, வழிப்போக்கர். ஒன்றின் 'ழ' நினைவிருந்தால் மற்றவை அதன் பின்னாலேயே வருகின்றன. விதியில்லாத சொற்களை "இது விதி இல்லாதது, நினைவில்தான் வைக்க வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்கு முன்பெல்லாம் ஏதோ ஒரு விதி இருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

கணக்கு

பதினான்காம் வாரத்தில் அதே 60 சொற்களை மூவர் குரலில் வைத்தேன். 6 பிழைகள், ஆறும் விதியில்லாத சொற்கள். ஆனால் அந்தச் சொற்கள் அவளுக்குப் பழகியவை. இந்த எண்ணை நான் அதிகம் நம்பவில்லை. அவளாக எழுதிய கதைகளை எடுத்து எண்ணினேன். தொடக்கத்தில் 120 சொல்லுக்கு 15 பிழை இருந்தது. கடைசிக் கதையில் 120 சொல்லுக்கு 5. இதை நம்புகிறேன்.

நேரக் கணக்கு: அவளுக்கு வாரம் ஐந்து நாள், 20 நிமிடம், 14 வாரத்துக்கு ஏறத்தாழ 23 மணி நேரம். எனக்கு விதி தேட, அட்டை வெட்ட, பதிவு செய்ய இன்னொரு 15 மணி நேரம். வெள்ளை அட்டை 22, மஞ்சள் 38, நீலம் 17.

மறுபடி செய்வதானால் பட்டியல் புத்தகத்தில் இரண்டு வாரம் செலவிட மாட்டேன். மூன்று குரல் பதிவை முதல் நாளே செய்துவிடுவேன். மஞ்சள் அட்டைகளைப் பன்னிரண்டாம் வாரம்வரை தள்ளிப்போடாமல், வெள்ளை அட்டையோடு சேர்த்தே தொடங்குவேன், நாளுக்கு ஒன்று வீதம். எண்ணிப் பார்ப்பதற்குத் தனிச் சொற்களோடு ஐந்து முழு வாக்கியங்களையும் கொடுப்பேன். ஒற்றுப் பிழை அப்போதே தெரிந்திருக்கும், அதற்கான அவசரமும் எனக்கு வந்திருக்காது. அட்டையைத் தொடக்கத்திலேயே 10 செ.மீ. அகலத்தில் வெட்டுவேன்.

வரும் திங்கள் முதல் ழகரச் சொற்கள் 24, வாரத்துக்கு மூன்று குடும்பமாக எட்டு வாரம். முதல் மூன்றை அவளே தேர்ந்தெடுத்துவிட்டாள்: அழகு, குழந்தை, கிழி. 'கிழி'க்குப் பக்கத்தில் 'கிளி'யை வரையப் போனாள். இரண்டு மாதம் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.